கிராணியின் வெள்ளைச் சட்டை

எங்கள் சந்தான லோரோங் புங்கூரில் யாருக்காவது ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்துவிட்டால், அதை எடுத்துக்கொண்டு நேரே செல்லக்கண்ணுவின் வீட்டுக்குத்தான் ஓடுவார்கள். சந்தின் நடுவில் தமிழ்ப் பள்ளி வாத்தியார் ஒருவன், அதாவது நான், குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருப்பேன். என்னைத் தாண்டித்தான் போவார்கள். எனக்கும் ஆங்கிலத்துக்கும் தகராறு என்பது எல்லாருக்கும் தெரியும். செல்லக்கண்ணுவோ முனிசிபாலில் கிராணி. தமிழ்நாட்டில் குமாஸ்தா என்பார்களே, அவரைத்தான் நாங்கள் சிங்கப்பூரில் கிராணி என்போம்.

செல்லக்கண்ணு கடிதத்தை வாங்கிக்கொண்டு சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பார்.

"கண்ணாடி ஆபீஸ்ல இருக்குலா. கொண்டுபோய்ப் பாத்துட்டு நாளைக்குச் சொல்றேன்."

மறுநாள் சாயங்காலம் கடிதத்தில் என்ன இருக்கிறது என்ற விவரமும், அதற்கு மணிமணியான கையெழுத்தில் ஒரு பதிலும் வந்துவிடும். எனக்குப் பொறாமையாக இருந்தது. இந்த வயதில் அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

உண்மையில் அவருக்குக் கண்ணாடியும் கிடையாது, ஆபீசும் கிடையாது. தினமும் காலையில் வெள்ளைச் சட்டை, பையில் பேனா, சைக்கிள் என்று கிளம்புகிற மனிதர், தேக்காவுக்குப் பக்கத்திலிருந்த முனிசிபால் கொட்டகைக்குப் போனதும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். காக்கி அரைக்கால்சட்டையைப் போட்டுக்கொண்டு கால்வாயில் இறங்குவார். பத்து வருடமாகச் சிங்கப்பூரின் கால்வாய்களை வெட்டியும் தூர்வாரியும் வந்தவர் அவர். எங்கள் கடிதங்களைப் படித்துப் பதில் எழுதியவர், அந்தக் கொட்டகையில் நிஜமான கிராணியாக இருந்த பேரின்பநாயகம் என்ற யாழ்ப்பாணத்துக்காரர்.

பொய்யைச் செல்லக்கண்ணு தொடங்கவில்லை. ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பெண் பார்க்கப் போனபோது பெண்ணின் அப்பா, "மண்வெட்டி பிடிக்கிறவனுக்கு என் மகளைக் குடுக்கமாட்டேன். நான் பிடிச்சது போதும்" என்று சொல்லிவிட்டாராம். கூடப் போன சித்தப்பா, "பையனுக்கு முனிசிபால்ல வேலைங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார். கிராணி என்பதை அவர்களே சேர்த்துக்கொண்டார்கள். செல்லக்கண்ணு வாயைத் திறக்கவில்லை. அதற்குள் அவர் சந்திரமதியைப் பார்த்துவிட்டார்.

முனிசிபால் லயனில், கூலிகளுக்கான வரிசை வீடுகளில், வாடகையில்லாமல் வீடு கிடைத்திருக்கும். அங்கே போனால் முதல் நாளே குட்டு உடைந்துவிடும் என்று எங்கள் சந்துக்குக் குடிவந்தார். சிராங்கூன் சாலையிலிருந்து பிரிந்து காலாங் ஆற்றங்கரையில் முடிகிற மண்சந்து அது. ஓலை வேய்ந்த இருபத்தெட்டு அத்தாப்பு வீடுகள், ஒரே ஒரு பொதுக்குழாய். ஆற்றை ஒட்டிய கடைசி வீடு அவருடையது. ஒருமுறை கிழிந்த காக்கிக் கால்சட்டை ஒன்று தவறிப்போய் சைக்கிள் பையோடு வீட்டுக்கு வந்துவிட்டது. மறுநாள் பையைப் பார்த்தால் காணவில்லை. வழியில் விழுந்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். ஆறு வருடம் இப்படியே ஓடியது. உண்மை தெரிந்தால் சந்திரமதியின் முகத்தில் எப்படி விழிப்பது என்பது ஒன்றுதான் அவருக்கு இருந்த கவலை. இதெல்லாம் பின்னால் அவரே என்னிடம் சொன்னவை.

ஐம்பத்தேழாம் வருடம் டிசம்பர் மழையில் சந்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. செல்லக்கண்ணுவின் வீட்டில் இடுப்பளவு. சந்திரமதி அரிசி டின்னை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுவதும் மேசைமேல் உட்கார்ந்திருந்தாள். அடுத்த வருடம் அவள் உண்டாகியிருந்தாள். தை பிறக்கும்போது பிள்ளையும் பிறக்கும் என்று பக்கத்து வீட்டு மைமூன் நாள் குறித்துக் கொடுத்தாள். அப்படியென்றால் மழை கொட்டும்போது அவளுக்கு நிறைமாதம்.

மைமூனின் கணவர் ரவூப் லாரி ஓட்டுநர். மலாய்க்காரர், ஆனால் எங்களோடு பழகிப் பழகி என்னைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். அவர்தான் ஆகஸ்டு மாதம் எல்லாரையும் குழாயடியில் கூட்டினார்.

"யாராச்சும் வந்து செய்வாங்கன்னு உக்காந்திருந்தா மழைதான் வரும்லா. கோத்தோங் ரோயோங் பண்ணுவோம். வீட்டுக்கு ஒரு ஆள், ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை. நாமளே ஒரு கால்வா வெட்டிருவோம்."

கோத்தோங் ரோயோங் என்றால் ஊரே ஒன்றாய் இறங்கி வேலை செய்வது. எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. கால்வாய்க்கு வரைபடம் போடும் பொறுப்பு படித்தவன் என்ற முறையில் என்னிடம் வந்தது. நான் பள்ளிக்கூட அளவுகோலை வைத்துக் குழாயடியிலிருந்து ஆறு வரைக்கும் ஒரு நேர்கோடு போட்டேன். அழகான கோடு. ரவூப் என்னைச் 'சிக்கு' என்றுதான் கூப்பிடுவார். மலாயில் அதற்கு வாத்தியார் என்று பொருள். தமிழில் அதற்கு என்ன பொருளோ அதையும் அந்தக் கோட்டால் நிரூபித்தேன்.

கிராணி மண்வெட்டி பிடிப்பாரா என்று ஊர் அவரைப் பெயர் எழுதும் வேலையில் உட்காரவைத்தது. ஞாயிறுதோறும் வெள்ளைச் சட்டையோடு மரத்தடியில் நின்று, யார் வந்தார், யார் வரவில்லை என்று நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார். பாவம், அந்த மனிதர் பட்ட பாடு. பால்காரர் மாணிக்கம் மண்வெட்டியைத் தலைக்குமேல் தூக்கி ஓங்கிப் போடுவதைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்வார். நான் கரையைச் செங்குத்தாகச் செதுக்கியபோது பொறுக்கமுடியாமல் பக்கத்தில் வந்தார்.

"வாத்தியாரே, கரையைக் கொஞ்சம் சரிவா விட்டா இடியாது."

"கிராணி சார், நீங்க நோட்டைப் பாருங்க. இத நாங்க பாத்துக்கறோம்."

அவர் போய்விட்டார். மறுவாரம் அந்தக் கரை இடிந்து விழுந்தது. நான் மழையைக் குற்றம் சொன்னேன்.

நவம்பரில் கால்வாய் ஆற்றங்கரை வரை வந்துவிட்டது. நடுவில் ஆறடி மண்மேடு மட்டும் பாக்கி. அதை வெட்டித் திறப்பதைப் பார்க்கச் சந்தே திரண்டு வந்தது. மைமூன் ஒரு அண்டா நிறைய பாயசம் காய்ச்சி வைத்திருந்தாள். சந்திரமதி வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெதுவாக வந்து நின்றாள். முதல் வெட்டு என்னுடையது என்று முடிவாகியிருந்தது. நான் சின்னதாக ஒரு சொற்பொழிவு ஆற்றிவிட்டு மண்வெட்டியை ஓங்கினேன்.

"வெட்டாதீங்க."

திரும்பிப் பார்த்தால் செல்லக்கண்ணு. முகம் வெளிறிப்போயிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது என்னை அல்ல, ஆற்றங்கரை அலையாத்தி மரங்களின் சேற்றுக்கு மேல் நிற்கும் வேரை. வேரில் நெஞ்சுயரத்துக்கு ஈரச் சேற்றுக்கோடு ஒன்று தெரிந்தது. காலாங் ஆறு கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஆறு. கடல் ஏறும்போது ஆற்றுத் தண்ணீர் அந்தக் கோடு வரைக்கும் வரும். எங்கள் கால்வாயின் தரையோ அதற்கு மூன்றடி கீழே கிடந்தது.

"இதத் தொறந்தா நம்ம தண்ணி வெளிய போகாது வாத்தியாரே. ஆறு உள்ள வந்துரும்."

"இதெல்லாம் ஒரு கிராணிக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன். அந்தக் கேள்வி அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று எனக்குத் தெரியாது.

அவர் சந்திரமதியைப் பார்த்தார். பிறகு அவள் வயிற்றைப் பார்த்தார். ஆறு உள்ளே வந்தால் முதலில் நுழைவது அவர் வீட்டில்தான். பேனாவை எடுத்து நோட்டுக்குள் வைத்தார். வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்து மனைவியின் கையில் கொடுத்துவிட்டுக் கால்வாய்க்குள் குதித்தார். ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றச் சொல்லி, அதன்மேல் ஒரு மாவிலையைப் போட்டார். இலை கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு ஆற்றுக்குப் போகாமல், வீடுகள் இருக்கும் பக்கமாக, என் காலை நோக்கி மிதந்து வந்தது. ஊரே என்னைப் பார்த்தது.

"நான் கிராணி இல்ல" என்றார் செல்லக்கண்ணு. "பத்து வருஷமா கால்வா வெட்டுறவன். முனிசிபால் கூலி."

அவர் என் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி, கால்வாயின் தரையை வெட்டத் தொடங்கினார். நான் அரைநாளில் வெட்டிய மண்ணைக் கால்மணி நேரத்தில் எடுத்துக் கரையில் போட்டார். தலைக்குமேல் ஓங்கவே இல்லை. அந்த அழகைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்குச் சந்திரமதி திரும்பி நடந்ததே தெரியவில்லை. சட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். செல்லக்கண்ணு பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு அன்று முழுவதும் நிமிரவே இல்லை. ஒரு நல்ல மனுஷனின் குடும்பத்தைக் கெடுத்துவிட்டோமே என்று அன்று எனக்குப் பாயசம் இறங்கவில்லை. ஒரு கோப்பைதான் குடித்தேன்.

அடுத்த இரண்டு ஞாயிறும் அவர் சொன்னதுதான் சட்டம். கால்வாயின் தரையை ஆற்றுப்பக்கம் சரித்தோம். கடல் இறங்கிய நேரம் பார்த்து மண்மேட்டை வெட்டி, கால்வாயின் வாயை வளைத்து ஆறு இறங்குகிற பக்கமாகத் திருப்பினோம். ரவூப் கொண்டுவந்த பழைய லாரி டயரை வார்களாக வெட்டி, அதில் ஒரு கெட்டிப் பலகையைக் கட்டி வாயில் தொங்கவிட்டோம்.

"நம்ம தண்ணி தள்ளினா தொறக்கும். ஆறு தள்ளினா மூடிக்கும். அவ்வளவுதான்" என்றார் செல்லக்கண்ணு.

பெயர் எழுதும் நோட்டு என்னிடம் வந்துசேர்ந்தது. நான் அதை வாங்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனேன்.

வீட்டிலோ சந்திரமதி வழக்கம்போலச் சோறு போட்டாள், சிரித்தாள், குழந்தைக்குப் பெயர்கூடச் சொல்லிப் பார்த்தாள். அதைப் பற்றி மட்டும் ஒரு பேச்சு இல்லை. திங்கட்கிழமை காலை எதைப் போட்டுக்கொண்டு போவது என்று செல்லக்கண்ணு விழித்துக்கொண்டு நின்றபோது, கதவில் வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டுத் தொங்கியது. அதையே போட்டுக்கொண்டு போனார். ஒரு மாதம் இப்படி. "திட்டினாக்கூடத் தேவல வாத்தியாரே" என்று என்னிடம் புலம்பினார்.

டிசம்பர் மூன்றாம் வாரம் ஒரு பகலில் மழை பிடித்துக்கொண்டது. சந்தின் தண்ணீர் எல்லாம் கால்வாயில் இறங்கி ஓடியதைப் பார்த்து நாங்கள் கைதட்டினோம். பிற்பகலில் கடல் ஏறத் தொடங்கியது. பலகை மூடவேண்டிய நேரம். மூடவில்லை. எங்கிருந்தோ மிதந்து வந்த தேங்காய்மட்டை ஒன்று இடுக்கில் மாட்டிக்கொண்டு, ஆறு உள்ளே நுழையத் தொடங்கியது. நாங்கள் கரையில் நின்று மாறி மாறி ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தோம்.

வேலை முடிந்து சைக்கிளில் வந்த செல்லக்கண்ணு அப்படியே ஓடிவந்தார். வெள்ளைச் சட்டையோடு தண்ணீரில் இறங்கப் போனார்.

"நில்லுங்க."

சந்திரமதி. ஒரு கையில் குடை, இன்னொரு கையில் மடித்த துணி. நிறைமாத வயிற்றோடு அந்த மழையில் வந்து நின்றாள். துணியை உதறிக் காட்டினாள். காணாமல்போன காக்கிக் கால்சட்டை. கிழிசல் தெரியாமல் தைத்திருந்தது.

"சட்டையைக் கழட்டிட்டு, இதப் போட்டுக்கிட்டு எறங்குங்க."

செல்லக்கண்ணு கால்சட்டையையும் அவளையும் பார்த்தார். "இது... உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"கல்யாணம் ஆன மொத மாசத்துலேருந்து. தினமும் இந்தச் சட்டையத் தொவைக்கிறவ நான். சட்டைக் கையில ஒரு சொட்டு மசி இல்ல, காலர்ல அழுக்கு இல்ல. அழுக்கெல்லாம் உங்க நகக்கண்ணுலதான் இருந்துச்சு."

"அன்னிக்கு ஒண்ணுமே பேசாமப் போயிட்டியே."

"எல்லார் முன்னாடியும் அழுதுடுவேனோன்னு போனேன். அப்பறம் நீங்களா கேப்பீங்கன்னு பாத்தேன்." கால்சட்டையை அவர் கையில் திணித்தாள். "எனக்காகத்தான இதப் போட்டுக்கிட்டுப் போனீங்க. உங்களுக்காக நானும் தொவைச்சிக் குடுத்தேன். போதும், அழுக்கே இல்லாத சட்டையத் தொவைச்சி எனக்கு அலுத்துப்போச்சி. இப்ப எறங்குங்க, தண்ணி ஏறுது."

அவர் காக்கியை மாட்டிக்கொண்டு இறங்கினார். மூச்சுப் பிடித்து முங்கி மட்டையை உருவி எறிந்தார். பலகை கதவு சாத்துவதுபோல் தட்டென்று மூடிக்கொண்டது. எழுந்தபோது அவர் முகம் முழுக்கத் தண்ணீர். எது மழை, எது ஆறு, எது கண்ணீர் என்று யாரும் விசாரிக்கவில்லை. நானும் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன்.

தை மாதம் காய்ந்த தரையில் மகள் பிறந்தாள். அக்கம்பக்கத்துக் கம்பத்துக்காரர்கள், அதாவது குடியிருப்புக்காரர்கள், வந்து பலகையைப் பார்த்துவிட்டு, தங்கள் சந்துக்கும் செல்லக்கண்ணுவைக் கூட்டிப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டிலேயே இருக்கமாட்டார். பெயர் எழுத நானும் கூடப் போனேன். கடிதங்கள் வழக்கம்போலப் பேரின்பநாயகத்திடம் போய் வந்தன. ஊர் செல்லக்கண்ணுவைக் கடைசிவரை கிராணி என்றுதான் கூப்பிட்டது. அவரும் திரும்பிப் பார்த்தார்.

வெள்ளைச் சட்டை அதற்குப் பிறகு பெட்டிக்குள் போய்விட்டது. அடுத்த வருடம் தைப்பூசத்துக்கு மட்டும் வெளியே வந்தது. ஒரு வயது மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, டேங்க் ரோடு கோயில் வரைக்கும் அந்த வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நடந்தார் செல்லக்கண்ணு. மறுநாள் காலையில் சந்திரமதி அந்தச் சட்டையை வாளியில் போடாமல், குழாயடியில் நின்ற என்னிடம் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"பாருங்க வாத்தியாரே" என்று காலரைப் பிரித்துக் காட்டினாள். "அழுக்கு."