காமிராவுக்குக் காட்டிய துப்பாக்கி

டெல்லி சத்தர்பூரில் ஒரு கல்யாண மண்டப வாசல். மாலை ஐந்து மணிக்கே புகைமூட்டத்தில் இருட்டிவிட்டது. நண்பனின் தங்கைக்குக் கல்யாணம். பராத் என்கிற மாப்பிள்ளை ஊர்வலத்துக்காகப் பெண்வீட்டாரோடு நானும் காத்து நிற்கிறேன். பக்கத்தில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு காவலாளி. சங்கரன்கோவில்காரர், ராணுவத்தில் இருந்தவர். துப்பாக்கியும் லைசென்ஸும் அவருடையவை. அதனால்தான் இந்த வேலையே கிடைத்தது.

தூரத்தில் மேளம் கேட்டதும் துப்பாக்கியைத் திறந்து தோட்டாக்களை உருவுகிறார். காலிக் குழல்களைத் தூக்கி சிசிடிவி காமிராவுக்குக் காட்டுகிறார்.

“எதுக்குண்ணே இப்படி?”

“போன வருஷம் பராத்துல எவனோ குஷியில சுட்டுட்டான் சார். மேளம் அடிச்சவரு செத்துட்டாரு. போலீஸ் என் துப்பாக்கியத்தான் எடுத்துட்டுப் போச்சு. கண்ணுக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான? திரும்பி வர எட்டு மாசம். அதுவரைக்கும் வேலை இல்ல. இன்னைக்குக் காமிராவாச்சும் சாட்சி சொல்லட்டும்.”

‘ஆயுதங்களுக்கு அனுமதி இல்லை’ என்ற போர்டு அவர் தலைக்கு மேலேயே தொங்குகிறது.

“வர்றவங்களச் சோதிக்க மாட்டீங்களா?”

“மாப்பிள்ள வீட்டாளுக இடுப்புல கைய வைக்க முடியுமா சார்?”

ஊர்வலம் வந்துவிட்டது. பெண்வீட்டார் ஒவ்வொருவரும் மாப்பிள்ளை வீட்டார் ஒருவருக்கு மாலை போட்டுக் கட்டித் தழுவுவது இங்கே வழக்கம். என் கையிலும் ஒரு மாலையைத் திணிக்கிறார்கள். மாப்பிள்ளையின் மாமா முந்திக்கொண்டு என்னை இறுக அணைக்கிறார். அவர் கோட்டுக்குள் இருக்கும் இரும்பு என் விலாவில் அழுந்துகிறது.

காவலாளி என் முகத்தையே பார்க்கிறார்.

நான் மாமாவின் கழுத்தில் மாலையைப் போடுகிறேன்.