மகள் மூச்சு வாங்கும் இடம்

மேடையில் பாடுகிறவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்தே எனக்கு வயதாகிவிட்டது. என் மகள் மெல்லிசைக் கச்சேரிகளில் பாடுகிறவள். பதினெட்டு வயதில் மைக்கைப் பிடித்தாள், இப்போது நாற்பதைத் தொடப்போகிறாள். துணைக்கு நான் போவேன். தபலாவுக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்கும் நடுவில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடுவார்கள். மடியில் வெந்நீர் பிளாஸ்க். எதிரே எத்தனை பேர் இருந்தாலும் என்னை யாரும் பார்க்க மாட்டார்கள். எனக்கு அதுதான் வசதி. ஐந்தாம் வகுப்போடு நின்றவள், நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது.

அவளுக்குப் பின்னால் வாசிக்கிறவர்கள் நாலு பேர். அவர்களில் பெரியவர் கீபோர்டு வாசிக்கும் தம்பி. நான் கூப்பிடுவதுதான் தம்பி, அவருக்கும் அறுபது ஆகிவிட்டது. பசுமலையில் வீடு. முதல் கச்சேரியிலேயே என்னை அக்கா என்றார், அன்றிலிருந்து அப்படியே. என் மகள் அவருக்குப் பாப்பா. அவளுக்கு அவர் மாமா.

கீழே உட்கார்ந்து கேட்கிறவர்களுக்குப் பாடுகிறவள் மட்டும்தான் கண்ணில் படுவாள். பின்னாலிருந்து பார்த்த எனக்கு வேறு விஷயமும் தெரியும். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு மகளுக்கு மூச்சு பற்றவில்லை. சரணம் தொடங்குமுன் கொஞ்சம் கூடுதலாக நேரம் வேண்டும். தம்பி அவள் தோளையே பார்த்துக்கொண்டிருப்பார். தோள் ஏறி இறங்கும் வரை வாசித்ததையே இன்னொரு சுற்று வாசிப்பார். தபலாக்காரரும் கூடவே சுற்றுவார். தோள் இறங்கியதும் இருவருமாகத் தாளத்தை அழுத்தி அவளை உள்ளே விடுவார்கள். கேட்கிறவர்களுக்கு அது பாட்டிலேயே இருப்பது மாதிரி இருக்கும்.

"ஒரு மூச்சுக்கு எம்புட்டு வேலை பாக்க வேண்டியிருக்கு பாத்தீங்களாக்கா" என்று தபலாக்காரர் என் பக்கம் திரும்பிச் சிரிப்பார்.

இப்போது விசேஷ வீட்டுக்காரர்கள் குழுவைக் கூப்பிடுவதில்லை. வாசிப்பை மட்டும் பதிந்த டிராக்கைப் போட்டுவிட்டு ஒருவர் வந்து பாடினால் போதும் என்கிறார்கள். கே.கே. நகரில் ஒரு வளைகாப்பு வீட்டில், "மேடையில அஞ்சு பேருக்கு எடமில்ல மேடம்" என்றே சொல்லிவிட்டார்கள். அன்று மகள் அடுப்படியில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கடையில கிடைக்கிற டிராக் எனக்குச் சேராதும்மா. சுருதிய அரைக்கட்டை குறைச்சிருக்கணும். மூச்சுக்கு எடம் விட்டிருக்கணும். மாமா வாசிச்சாத்தான் சரியா வரும்."

"அப்ப அவருகிட்டயே கேளு."

"நான் கேட்டா எதுக்குன்னு கேப்பாரு. நீ கேட்டா கேக்க மாட்டாரு."

அவள் சொன்னது எனக்கு உடனே புரிந்தது. புரியாதது போல நான் கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டிருந்தேன். இத்தனை வருடத்தில் நான் அந்தத் தம்பியிடம் எனக்கென்று எதுவும் கேட்டதில்லை. அப்படிப்பட்டவள் கேட்டால் அவர் மறுக்க மாட்டார். என் கூச்சத்துக்கு அப்படி ஒரு உபயோகம் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

என்ன சொல்வது என்று அடுப்பின் முன்னால் நின்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பிறகு போன் போட்டேன்.

"தம்பி, முழங்கால் வலி தாங்கல. இனிமே கச்சேரிக்கு வரமுடியுமோ என்னமோ. நீங்க எல்லாரும் வாசிக்கிறத வீட்ல போட்டுக் கேட்டுக்கிட்டே இருக்கணும் போல இருக்கு. பாட்டு வேண்டாம், வாசிப்பு மட்டும் போதும்."

முழங்கால் வலி நிஜம்.

"அட, இதக் கேக்கவாக்கா இம்புட்டு வருசம்?" என்றார்.

மூன்று மத்தியானம் பசுமலைக்குப் போனேன். நாலு பேரும் வந்திருந்தார்கள். சத்தம் பதியக்கூடாது என்று ஃபேனை நிறுத்தி, ஜன்னலையும் சாத்திவிட்டார்கள். தபலாக்காரர் துண்டைப் பிழிந்து பிழிந்து துடைத்துக்கொண்டார். முதல் பாட்டிலேயே தம்பி நிறுத்திவிட்டார்.

"பாப்பா தோளு இல்லாம எனக்கு வாசிக்க வரலக்கா. நீங்க எதுக்க உக்காருங்க. மனசுக்குள்ள பாடுங்க. பாப்பா மூச்சு வாங்கி முடிக்கிற எடம் வந்ததும் கையத் தூக்குங்க."

நான் உட்கார்ந்தேன். மனதுக்குள் பாடத்தான் பார்த்தேன், மெல்ல வாயிலும் வந்துவிட்டது. இடம் வந்ததும் கையைத் தூக்கினேன். நாலு பேரும் என் கைக்காகக் காத்திருந்து தாளத்தைப் போட்டார்கள். உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"யாத்தே, பாப்பாவுக்குக் குரல் எங்கிட்டு இருந்து வந்துச்சுன்னு இப்பல்ல தெரியுது" என்றார் தபலாக்காரர்.

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். எதற்காகப் பதிகிறோம் என்று தெரிந்தே, அந்த மூன்று மத்தியானமும் சந்தோஷமாக இருந்தேன். இதை எழுதும்போது கூசுகிறது.

அடுத்த மாதம் திருவாதவூரில் ஒரு காதணி விழா. பகல் பன்னிரண்டு மணிக்கு மகள் மட்டும் மேடையேறினாள். சவுண்டு சர்வீஸ்காரரிடம் பென் டிரைவைக் கொடுத்தாள். பழக்கத்தில் நான் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். என்னைச் சுற்றி யாருமில்லை. தபலா சத்தம் மட்டும் பெட்டியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

விழா வீட்டுக்காரர் தம்பியின் சம்சாரத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்பது எங்களுக்குத் தெரியாது. இரண்டு பாட்டு முடிந்தபோது தம்பி வெள்ளைச் சட்டையில் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். மேடையில் மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கையாட்டினார். பிறகு அவர் கண் பின்னால் போனது. அங்கே நான் மட்டும் இருந்தேன்.

மகள் அவரைக் கவனிக்கவில்லை. மூன்றாவது பாட்டைப் போடச் சொன்னாள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் எங்கள் பேச்சு இருக்கும், அதையெல்லாம் வெட்டிவிட்டதாகச் சொல்லியிருந்தாள். இதில் விட்டுப்போயிருக்கிறது. தம்பியின் குரல் பந்தல் முழுக்கக் கேட்டது.

"அக்கா, ரெடியா? கை எடத்துக்கு வரட்டும். அவசரமில்ல."

கூட்டம் சிரித்தது. "யாருப்பா அந்த அக்கா? மேடைக்கு வரச்சொல்லுங்கப்பா!" என்று ஒருவர் கத்தினார்.

மகள் பதறி நிமிர்ந்தவள் அவரைப் பார்த்துவிட்டாள். பல்லவியை எப்படியோ பாடினாள். சரணம் வரும்போது எங்கே எடுப்பது என்று தெரியாமல் தடுமாறினாள். ஆள் வாசித்தால் திரும்ப வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். பென் டிரைவ் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் மைக்கை வாயருகே கொண்டுபோவதும் எடுப்பதுமாக நின்றாள்.

மூன்றாவது வரிசையில் தம்பி கையைத் தூக்கினார்.

சரியான இடம். நான் பசுமலையில் தூக்கிய அதே இடம். மகள் அந்தக் கையைப் பார்த்துச் சரணத்தை எடுத்துவிட்டாள். பாட்டு முடியும் வரை ஒவ்வொரு இடத்திலும் அவர் தூக்கினார். முடிந்ததும் கை தட்டினார்கள். அவர் தட்டவில்லை.

பந்திக்குப் போகும் வழியில் என்னிடம் வந்தார்.

"பாப்பா உங்களையும்ல ஏமாத்திருச்சுக்கா. நீங்க ஆசையாக் கேட்டு வாங்குனத எடுத்து மேடையில போட்டுருச்சே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மகள் பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். அவள் காதில் விழுந்தது. ஒரு முறை என்னைப் பார்த்தாள். நான் சொல்வேன் என்று காத்திருந்தாள் போலும். பிறகு அவளே பேசினாள்.

"மன்னிச்சிருங்க மாமா. நான் செஞ்சது தப்புதான்."

"எங்கிட்டக் கேட்டிருந்தா நான் என்ன மாட்டேன்னா சொல்லப்போறேன்? பெத்த தாயக் காட்டியா வாங்குறது?" என்றார் அவர். என்னைப் பார்த்து, "நீங்க வெசனப்படாதீங்கக்கா" என்றார்.

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. எனக்குப் பேச்சு வராது என்று மேலே எழுதியிருக்கிறேன். அன்று வராமல் இல்லை. தொண்டை வரைக்கும் வந்தது. நான்தான் விழுங்கினேன். அவர் என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டிருப்பது எனக்கு வேண்டியிருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் மகள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். மாட்டுத்தாவணி பஸ் நிலையம் நெருங்கும்போதுதான் பேசினாள்.

"விடும்மா. ஒனக்குத்தான் பேச வராதுல்ல."

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, மகளிடம் சொல்லாமல் பசுமலைக்குப் போனேன். தம்பி கீபோர்டின் உறையைத் தட்டி மடித்துக்கொண்டிருந்தார். "வாங்கக்கா" என்று எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, ஃபேனை என் பக்கம் திருப்பினார். நான் உட்காரவில்லை.

"தம்பி, பாப்பா என்னைய ஏமாத்தல. கேட்டது நான்தான். மேடையில போடத்தான்னு தெரிஞ்சேதான் கேட்டேன்."

அவர் உறையை மடிப்பதை நிறுத்தினார்.

"டிராக்க விடுங்க" என்றார். "இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு எவனாவது போடத்தான் போறான். அன்னைக்கு அந்தப் புள்ள எங்கிட்ட மன்னிப்புக் கேட்டப்ப நீங்க பக்கத்துலதான நின்னுக்கிட்டு இருந்தீங்க?"

"ஆமா தம்பி."

"நானும் அதைத் திட்டிக்கிட்டே இருந்தேன். நீங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க."

நான் கும்பிட்டேன். அவர் அதைப் பார்த்தாரா தெரியவில்லை. மறுபடி உறையை மடித்தார். எப்போதும் பஸ் நிறுத்தம் வரை கூட வந்து ஏற்றிவிடுகிறவர், வாசல் வரை மட்டும் வந்தார்.

"பாத்துப் போங்கம்மா" என்றார்.

அக்கா என்று சொல்லவில்லை. வழி கேட்டு வந்த யாரோ ஒரு பெரிய மனுஷியிடம் சொல்வது போல, மரியாதையாகத்தான் சொன்னார். படி இறங்கும்போது முழங்கால் சுருக்கென்றது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன்.