கண்டக்டரின் முன்பல்

நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அறையைவிட்டு முதல் ஆளாக ஓடிய பல் வைத்தியன் நான். ஓடியதில் தப்பில்லை, எக்ஸ்ரே எடுக்கும்போது விலகி நிற்கத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எதற்கு ஓடுகிறாய் என்று யாராவது கேட்டிருந்தால்தான் மாட்டிக்கொண்டிருப்பேன். எல்லாரும் ஓடினார்கள், நானும் ஓடினேன். அவ்வளவுதான் என் விஞ்ஞானம்.

போன வாரம் ஓசூரில் என் கடைவாய்ப் பல்லுக்குப் படம் எடுத்தார்கள். அந்த டாக்டர் பெண் என்மேல் ஈய அங்கியைப் போர்த்தி, கழுத்துக்கும் ஒரு பட்டை கட்டினாள். 'டிக்' என்று ஒரு சத்தம். திரும்பினால் என் பல் கம்ப்யூட்டரில் நிற்கிறது. எனக்கோ, அங்கியின் கனம் நெஞ்சில் இறங்கியதுமே கண் சொருகியது. பழக்கதோஷம்.

ஐம்பதுகளின் கடைசி. ஓசூர் அப்போது சேலம் ஜில்லா. மெட்ராஸிலிருந்து மாணவர்கள் நாங்கள் ஒரு பல் மருத்துவ முகாமுக்கு இங்கே வந்திருந்தோம். மார்கழிக் குளிர், எங்களில் எவனிடமும் கம்பளி கிடையாது. எக்ஸ்ரே இயந்திரத்தோடு வந்த ஈய அங்கி ஒன்றே ஒன்று. அதற்கு நாங்கள் போட்ட சண்டையைப் பார்த்தவர்கள், இந்தப் பிள்ளைகளுக்குத்தான் கதிர்வீச்சைப் பற்றி எவ்வளவு அக்கறை என்று மெச்சியிருப்பார்கள். போர்த்திக்கொண்டு படுத்தால், மேலே கன்றுக்குட்டி படுத்திருக்கிற மாதிரி ஒரு சுகம்.

கதிர் என்றால் எங்களுக்கு உடம்புச் சூடு. படம் எடுத்த நாளில் நீர்மோர் குடிப்போம். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தால் அந்த வாரத்துக் கதிர் முழுக்க இறங்கிவிடும் என்பது என் அறைத்தோழன் கோபாலனின் சித்தாந்தம். எங்கள் பேராசிரியர் ஒருவர், நோயாளியின் வாயில் பிலிமைத் தம் விரலாலேயே பிடித்துப் பிடித்துக் காலம் தள்ளியவர். அவருடைய ஆள்காட்டி விரல் நுனி கறுத்து வெடித்திருக்கும், நகம் வரிவரியாக நெளிந்திருக்கும். அது அனுபவத்தின் முத்திரை என்று நினைத்து, நமக்கு எப்போது அப்படி ஆகும் என்று நான் ஏங்கியதுண்டு. வகுப்பில் சரோஜா ஒருத்திதான் அந்த விரலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இயந்திரத்தின்மேல் எங்களுக்கு இருந்தது காதலேதான். பொத்தானை அழுத்தினால் அது உறுமும்; காற்றில் மின்னல் அடித்த பிறகு வருமே, அந்த வாசனை வரும். மோதிரம், சாவி, உள்ளே எத்தனை பருப்பு என்று பார்க்க ஓர் அவரைக்காய் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் படம் எடுத்தோம். முகாமின் கடைசி நாள் காலையில் பெட்டியைத் திறந்தால் இரண்டே பிலிம்.

அன்றைக்கென்று வந்து சேர்ந்தார் தளிக்குப் போகும் பஸ்ஸின் கண்டக்டர் திம்மராயன். மேல் முன்பல்லில் உயிர்போகிற வலி. வருகிற தை முகூர்த்தத்தில் அவருக்குக் கல்யாணம்.

"பொண்ணு ஊட்ல பொக்கை மாப்ளன்னு சிரிப்பாங்க சார். எப்டியாச்சும் பல்லக் காப்பாத்திக் குடுங்க."

முகாமின் பெரிய டாக்டர் பல்லைத் தட்டிப் பார்த்தார். வேர் முழுசாக இருந்தால் சீழை எடுத்துப் பல்லைக் காப்பாற்றலாம். படம் இல்லையென்றால் சாயங்காலம் பிடுங்கிவிடுவதுதான் வழி என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிலிமைத் திம்மராயனின் வாயில் வைத்து, அவர் கட்டைவிரலாலேயே பிடித்துக்கொள்ளச் சொன்னோம். "அசையாதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினோம். கோபாலன் சுவருக்குப் பின்னாலிருந்து பொத்தானை அழுத்தினான். இயந்திரம் உறுமியது. என் தோளை இடித்துக்கொண்டு யாரோ முந்தினார்கள். பார்த்தால் திம்மராயன், வாயில் பிலிமோடு.

"நீங்க ஏன் எழுந்து வந்தீங்க? உங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன்.

பிலிமைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஆகாதுன்னா நீங்க எதுக்கு சார் ஓடறீங்க? நீங்கல்லாம் ஓடிட்டா நா மட்டும் எதுக்கு அங்க குந்திக்கினு இருக்கணும்?" என்றார்.

ஒரு பிலிம் போயிற்று. மிச்சம் ஒன்று. எனக்கு வீரம் வந்துவிட்டது. "நானே உள்ளே நின்னு பிலிமைப் பிடிச்சுக்கறேன்" என்று விரலை நீட்டினேன்.

சரோஜா என் விரலைப் பார்த்தாள். "ஏன் மிஸ்டர், உங்களுக்கும் புரொபசர் விரல் வேணுமா?"

"அது அனுபவங்க."

"அது புண்ணு."

திம்மராயன் பக்கம் திரும்பினாள். "உங்க பஸ்ல எப்பவாச்சும் வர்றவர் திங்கிற புழுதியும், தினம் தினம் நீங்க திங்கிற புழுதியும் ஒண்ணாங்க? உங்களுக்கு இது இன்னிக்கு மட்டும். எங்களுக்கு இதே பொழப்பு. அதான் தள்ளி நிக்கறோம்."

அவர் தாடையைப் பிடித்துக்கொண்டு நாற்காலிப் பக்கம் நடந்தார்.

"இத மொதல்லயே சொல்லக்கூடாதாம்மா? சரி, குந்தறேன். ஆனா வண்டிய எப்ப எடுக்கணும்னு நாந்தான் சொல்லுவேன்."

பக்கத்தில் ஒரு தகர பீரோ இருந்தது. இரண்டு தட்டு தட்டினால் கிளம்பலாம், ஒரு தட்டு என்றால் நிறுத்த வேண்டும். பஸ்ஸில் அவருடைய சட்டம் அது. வண்டி ஓடும்போது கண்டக்டர் குதிக்கமாட்டார் என்று சரோஜாவும் நம்பினாள். சுவருக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வெளியே அசோக மரத்துக் காக்கைகூடச் சும்மா இருந்தது. தட், தட். கோபாலன் அழுத்தினான். உறுமல் அடங்கிய பிறகும் நாற்காலி கிறீச்சிடவில்லை.

குளியலறைச் சன்னலைக் கம்பளியால் மூடியதுதான் எங்கள் இருட்டறை (கம்பளி திம்மராயன் போர்த்தி வந்தது). பிலிமைக் கழுவி, சொட்டச் சொட்ட வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். வேர் முழுசாக இருந்தது. நுனியில் மட்டும் மிளகளவு கறுப்பு. கோபாலன் என்னைத் தூக்கிச் சுற்றினான். சரோஜா பல்லில் துளை போட்டுச் சீழை வடித்தாள். திம்மராயன் பல்லோடு மணவறை ஏறினார்.

அந்த உறுமல் இன்றைக்கு எங்கேயும் இல்லை. பிலிம் கழுவும் மருந்தின் புளித்த வாடை, ஈரப் படம் கொடியில் காயக் காத்திருக்கும் தவிப்பு, நீர்மோர் வைத்தியம், எல்லாம் போயிற்று. அந்தக் கறுத்த விரலும் இப்போது எந்த வகுப்பிலும் இல்லை. அது ஒழிந்ததில் மட்டும் எனக்குத் துளி வருத்தம் கிடையாது.

படிப்பு முடிந்து இந்த ஊரிலேயே கடை விரித்த புதிதில், ஒருநாள் தளி பஸ்ஸில் ஏறினேன். அதே திம்மராயன், அதே பல். சந்தைக் கூட்டம் முழுக்கக் கேட்கட்டும் என்று படியில் நின்றபடியே குரலை உயர்த்தி, "என்ன திம்மராயன், நாங்க காப்பாத்தின பல்லு எப்படி இருக்கு?" என்றேன்.

"உள்ள போங்க சார், வழிய விடுங்க."