மோந்து பார்த்துக் கொடுத்த கம்ப்யூட்டர்

ஐம்பது வயதுக்கு மேல் வீட்டில் வீடியோ கேம் பெட்டி செய்யக் கிளம்பிய மேதை நான். அதற்கு மலிவாகப் பழைய கம்ப்யூட்டர் தேடி, திரேஸ்புரத்தில் ஒரு கடைக்குப் போனேன். ஒல்லியான கடைக்காரர் கம்ப்யூட்டரை ஓடவிட்டு, பின்பக்கம் மூக்கை வைத்து மோந்தார்.

“கருகல் வாடை இல்ல. தைரியமா கொண்டுபோங்க அண்ணாச்சி, தீப்பிடிக்காது.”

“வாசல்ல காயுற கருவாட்டு நாத்தத்துல அது எப்படித் தெரியுது?”

“நாறுதா?” என்றவர், ஒரு கருவாட்டை எடுத்து மோந்தார். மறுபடியும் மோந்தார். முகம் வெளிறியது.

“நேத்து நாலு பேருக்கு இப்படி மோந்து பாத்துதான கம்ப்யூட்டர் குடுத்து விட்டேன், அண்ணாச்சி.”

அந்த முகம் இன்னும் என்னை விடவில்லை. தீப்பிடித்தால் கொட்ட, பக்கத்தில் ஒரு வாளி மணலை வைத்துக்கொண்டுதான் அந்தக் கம்ப்யூட்டரில் விளையாடுகிறேன்.

மனைவி கேட்டாள்: “அவருக்கு மூக்குதான் போச்சு. அதுக்குப் பெறகும் வாங்கிட்டு வந்திருக்கியளே, உங்களுக்கு என்ன போச்சு?”