பத்து போல்ட், மூன்று சுற்று

கார் நின்ற இடம் பெங்களூரு நெடுஞ்சாலையின் ஓரம், தண்டலத்துக்குச் சற்று முன்னால். பானெட்டின் இடுக்கு வழியாக வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்தது. பக்கத்தில், முழுக்கப் பின்னால் தள்ளிய சீட்டில், என் வீட்டுக்காரர் வலது காலை விறைப்பாக நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பத்து நிமிடத்துக்கு முன்பே அவர், "ஏட்டி, சூட்டு ஊசி மேல ஏறுது பாரு, ஓரமா நிறுத்து" என்று சொல்லியிருந்தார். "லேட்டாவுது, வாய மூடிக்கினு வாயா" என்று சொன்னவள் நான்தான்.

நாங்கள் போய்க்கொண்டிருந்தது தண்டலம் ஆஸ்பத்திரிக்கு, பிசியோதெரபிக்கு. வல்லக்கோட்டை திருப்பத்தில் மணலில் சறுக்கி பைக்கிலிருந்து விழுந்து அவருக்கு முழங்கால் உடைந்தது. பிளேட் வைத்து, கட்டுப் பிரித்த பிறகு பார்த்தால் முட்டி மரக்கட்டையாக நின்றது. ஆறு வாரத்துக்குள் தொண்ணூறு டிகிரி மடங்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரருக்கு ஒரு வேர்ஹவுசில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை. கால் மடங்காதவனை யாரும் அதில் ஏற்றமாட்டார்கள். ஏறாவிட்டால் அவர் அவராக இருக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஒரகடத்தில் வாடகை அறையில் ஆறு பேரோடு தங்கியிருந்த திருநெல்வேலிக்காரரை நான் கட்டிக்கொண்டதே அவருக்கு ஒரு நிமிடம் சும்மா உட்காரத் தெரியாது என்பதால்தான்.

ஆட்டோவிலும் ஒருமுறை போய்ப் பார்த்தோம். காலை மடக்க முடியாமல் சீட் முழுக்கக் குறுக்கே நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு வேகத்தடைக்கும் துண்டைக் கடித்துக்கொண்டே வந்தார். மறுநாள், "இனிமே ஆட்டோல வரமாட்டேன், கால் இப்படியே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். இந்தப் பழைய கார் ஒன்றுதான் எங்களுக்கு வழி. அதையும் நான் புகைய வைத்துவிட்டேன்.

காரை மண்ணூருக்குக் கட்டி இழுத்து வந்து எங்கள் வாசலில் நிறுத்தியதும், தெரு முனையில் இருக்கும் மெக்கானிக் ஆயில் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தது. எஞ்சினின் மேல்பாதி ஹெட், கீழ்ப்பாதி பிளாக். இரண்டுக்கும் நடுவே உட்காரும் மெல்லிய தகடுதான் கேஸ்கெட். அது சூட்டில் பிய்ந்து தண்ணீரும் ஆயிலும் கலந்துவிட்டன. "டைமிங் பெல்ட்டும் வெடிச்சிக்கினு கீதுக்கா. மேலே கீற வால்வும் கீழே கீற பிஸ்டனும் முட்டிக்காம பார்த்துக்கிறதே இந்த பெல்ட்டுதான். ஹெட்ட கழட்டும்போதே இதையும் மாத்திடணும்" என்றார். அடுத்த வாரம் ஆயுத பூஜை, பசங்க ஊருக்குப் போய்விடுவார்கள், பூஜை முடிந்து பத்து நாள் ஆகும் என்றும் சொன்னார்.

பத்து நாளில் முட்டி இறுகிவிடும்.

"நானே பண்ணிக்கிறேண்ணா" என்றேன். அவர் சிரித்தார். வீட்டுக்கு வந்து சொன்னபோது என் வீட்டுக்காரரும் சிரித்தார். எனக்கு வந்ததே கோபம். ஒன்பது வருஷமாக ஒரகடத்துக் கார் கம்பெனி எஞ்சின் லைனில் ஹெட் போல்ட் முடுக்குகிறவள் நான். என் கையால் மூடிய எஞ்சின்கள் இந்த நாடு முழுக்க ஓடிக்கொண்டிருக்கின்றன. என் வீட்டு வாசலில் நிற்கிற ஒன்றை எனக்கு மூடத் தெரியாதா?

உண்மையைச் சொன்னால், எனக்கு மூட மட்டுமே தெரியும். லைனில் எஞ்சின் பாதியாக என் முன்னால் வந்து நிற்கும். மேலிருந்து தொங்குகிற கருவியை இறக்கி போல்ட்மேல் வைத்தால் அதுவே முடுக்கும், அதுவே நிற்கும், பச்சை விளக்கு எரியும். வெள்ளை மார்க்கரால் போல்ட் தலையிலிருந்து ஹெட்வரைக்கும் ஒரு கோடு இழுப்பேன். பத்துக் கோடும் விழுந்தால் எஞ்சின் அடுத்த ஆளிடம் போய்விடும். கோடு போட்ட போல்ட் முடிந்த போல்ட். அதை இன்னொருவர் தொட்டால் எனக்குப் பிடிக்காது. தொட்ட பெண்களை வாய் கிழியத் திட்டியிருக்கிறேன்.

காலை ஷிஃப்ட் முடிந்து வந்த நாலு சாயங்காலங்களில் கழற்றினேன். மெக்கானிக் பழைய ஸ்பானர் செட் ஒன்றைக் கொடுத்திருந்தார். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் தனித்தனி கவரில் போட்டுப் பேர் எழுதி வைத்தேன். ஒரு போல்ட் துருப்பிடித்து வராமல் அடம் பிடித்தது; ஒரு சாயங்காலம் முழுக்க அதோடு மல்லுக்கட்டி, கை தோலுரிந்து, கடைசியில் அதை அசைத்தேன். ஹெட்டைப் பழைய புடவையில் சுற்றி, ஸ்கூட்டி முன்னால் வைத்து, ஸ்ரீபெரும்புதூர் லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் அதன் அடிப்பக்கத்தைச் சமமாக்கி வாங்கி வந்தேன். மறுநாள் பட்டறையும் பூஜைக்காக மூடிவிட்டார்கள்.

ஆயுத பூஜைக்கு எங்கள் கம்பெனி லைனும் நாலு நாள் நின்றது. ஆனால் முடுக்குவதற்கு டார்க் ரென்ச் வேண்டுமே. இவ்வளவு இறுக்கம் என்று வைத்தால் அங்கே 'டக்' என்று சத்தம் கொடுக்கிற ரென்ச் அது. மெக்கானிக்கிடம் இருந்தது, ஆனால் சந்தனப் பொட்டோடு பூஜையில் உட்கார்ந்திருந்தது. "நாங்க சர்ச்சுக்குப் போறவங்கண்ணா, எனக்கு ஒண்ணும் ஆவாது, குடு" என்று கெஞ்சிப் பார்த்தேன். "உனக்கு ஆவாதுக்கா, எனக்கு ஆவும்" என்றார். மறுநாள் காலை பூஜையைக் கலைத்த பிறகுதான் கிடைத்தது. பொட்டைத் துடைக்க மனம் வரவில்லை, அப்படியே எடுத்து வந்தேன்.

இந்த ஹெட்டுக்கு மூன்று சுற்று முடுக்க வேண்டும். முதல் சுற்று ரென்ச்சில். அதன்பின் பத்து போல்ட்டையும் வரிசையாகத் தொண்ணூறு டிகிரி திருப்ப வேண்டும், மூன்றாவது சுற்றில் மறுபடியும் தொண்ணூறு. லைனில் இதையெல்லாம் கருவியே ஒரே மூச்சில் செய்துவிடும். இங்கே நானும் ஒரு நீளக் கம்பியும், கடையில் வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கோணமானியும்தான்.

என் வீட்டுக்காரர் அதற்குள் வாயாலேயே பாதி எஞ்சினைப் பூட்டிவிட்டிருந்தார். அவர் வாயை அடைக்க ஒரு வேலை கொடுத்தேன். எங்கள் கம்பெனி செக் ஷீட் மாதிரியே பத்து வரிசை, மூன்று கட்டம் போட்ட தாளையும் பேனாவையும் கையில் கொடுத்தேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவர், இன்னொன்றில் அவர் கால். நான் "ஒண்ணு ஓகே" என்றால் அவர் டிக் போட வேண்டும். சூப்பர்வைசர் பதவி கிடைத்ததில் ஆள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

முதல் சுற்று முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது. அப்போது தெருவில் தண்ணி லாரி ஹாரன் அடித்தது. எங்கள் தெருவில் அந்த ஹாரனுக்குப் பிறகு யாரும் எதையும் யோசிப்பதில்லை. கம்பியைப் போட்டுவிட்டு ஓடினேன். இரண்டு டிரம், ஏழு குடம், நடுவில் பக்கத்து வீட்டோடு ஒரு சண்டை. எல்லாம் முடித்துவிட்டு வந்து எஞ்சினைக் குனிந்து பார்த்தேன். பத்து போல்ட்டிலும் பளிச்சென்று வெள்ளைக் கோடு. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. பூட்டுவதற்கு மேல்மூடியை எடுத்தேன்.

"மூணாவது ரவுண்டு போடல நீ" என்றார் அவர்.

"போட்டாச்சுயா. கோடு கீது பாரு."

"நான் டிக் அடிக்கல்ல."

"மாத்திர போட்டுக்கினு தூங்கினே, அதான் அடிக்கல."

"கண்ணத்தான் மூடுனேன். தூங்கல்ல."

ஒன்பது வருஷம் ஹெட் மூடியவளுக்குப் பெட்டி தூக்குகிறவர் பாடம் எடுக்க வந்துவிட்டாராக்கும் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் சொல்லியும்விட்டேன். அவர் முகம் சுருங்கியது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நான் மூடியைப் பூட்டினேன், சாயங்காலத்துக்குள் பெல்ட்டையும் மாட்டினேன். மேல்சக்கரத்துப் புள்ளியும் கீழ்ச்சக்கரத்துப் புள்ளியும் நேருக்கு நேர் வரும்படி வைத்து, எஞ்சினைக் கையால் இரண்டு தரம் சுற்றிப் பார்த்தேன். எங்கும் முட்டவில்லை.

மறுநாள் காலை தண்ணீர், ஆயில் எல்லாம் ஊற்றிவிட்டுச் சாவியோடு உள்ளே உட்கார்ந்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால் காருக்கு முன்னால் அவர் நிற்கிறார். வாக்கரைப் பம்பரோடு ஒட்டி ஊன்றிக்கொண்டு, நொண்டிக் காலோடு, கையில் அந்தத் தாள்.

"நவுருயா."

"மாட்டேன். லூசா இருந்து ஸ்டார்ட் பண்ணா புது கேஸ்கெட்டும் போச்சு, நாளைக்கு தண்டலமும் போச்சு. என் முட்டிக்குத்தான் இத்தனையும் பண்ணுத. அந்த முட்டிக்காரன் சொல்லுதேன், தொறந்து பாரு."

எனக்குத் தலைக்கு ஏறியது. சரி, திறந்து மூஞ்சிக்கு நேராகக் காட்டுகிறேன் என்றுதான் இறங்கினேன். அவர் தோற்பதைப் பார்க்கத்தான் அந்த மூடியைக் கழற்றினேன், வேறெதற்கும் இல்லை.

பத்துக் கோடும் இருந்தன. பத்தும் நேராக இருந்தன.

குனிந்து ஒவ்வொரு கோடாக விரலால் தடவிப் பார்த்தேன். கோடு போட்ட பிறகு போல்ட்டைத் திருப்பினால் கோடு உடையும். போல்ட் தலையில் பாதி ஒரு பக்கம் போய்விடும், ஹெட்டில் பாதி அங்கேயே நிற்கும். அப்படி உடைந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் லைனில் கோடே போடுகிறோம். தண்ணி லாரிக்கு ஓடும்போதே இந்தக் கோடுகள் இருந்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது; இதில் ஒன்றுகூட உடையவில்லை. இரண்டாவது சுற்றிலேயே, ஒவ்வொரு போல்ட்டும் நின்றதும் என் கை தன்பாட்டுக்கு மார்க்கரை எடுத்துக் கோடு போட்டிருக்கிறது. கருவி நின்றால் கோடு, அவ்வளவுதான் அந்தக் கைக்குத் தெரியும். என் கைக்கு நானே ஒரு புத்தியும் சொல்லி வைத்திருக்கவில்லை.

வெட்கமாக இருந்தது. காரைப் புகைய வைத்த அன்றும் அவர்தான் சொன்னார், நான்தான் கேட்கவில்லை. இரண்டு தரமும் அவர் காலைத்தான் நான் பணயம் வைத்திருக்கிறேன்.

"போடல" என்றேன். "நீ சொன்னதுதான் சரி. நான்தான் தப்பு."

குத்திக்காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் ஒரு வாரத்துக்கு விட்டிருக்கமாட்டேன். அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, தாளை விரித்துத் தொடைமேல் வைத்து, பேனா மூடியைக் கழற்றினார்.

"ஒண்ணாம் நம்பர்" என்றார்.

கம்பியை மாட்டி, காலை ஊன்றி, மொத்த உடம்பையும் கொடுத்து இழுத்தேன். கோடு உடைந்து கால் வட்டம் நகர்ந்தது. "ஒண்ணு ஓகே." டிக் விழுந்தது. அப்படிப் பத்தும். முடிந்ததும் தாளை வாங்கி மூன்று கட்டத்தையும் நானே ஒருதரம் எண்ணிப் பார்த்தேன். அதன்பிறகுதான் மூடினேன்.

மூன்றாவது தடவை சாவியைத் திருப்பியபோது எஞ்சின் பிடித்துக்கொண்டது. சூட்டு ஊசி பாதிவரை வந்து நின்றது. அரை மணி நேரம் நானும் அவரும் அந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது அசையவில்லை. ரென்ச்சைத் திருப்பிக் கொடுத்தபோது மெக்கானிக் தண்ணீரைப் பார்த்தார், ஆயிலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

அடுத்த நாளிலிருந்து தண்டலத்துக்கு ஒருநாளும் தவறவில்லை. ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு ஓட்டினேன். அவர் "நிறுத்து" என்றால் ஏனென்று கேட்காமல் நிறுத்தினேன். முதல் நாள் ஐம்பது டிகிரிதான் மடங்கியது. பிறகு அறுபது, அறுபத்தைந்து. ஒவ்வொரு டிகிரிக்கும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்துவார். தினமும் ஒரே பாட்டுத்தான்: "போதும் மேடம், நாளைக்குப் பாக்கலாம்."

டாக்டர் கெடு வைத்த ஆறாவது வாரக் கடைசியில் எண்பதில் வந்து நின்றுவிட்டது. சின்ன வயசு பிசியோதெரபிஸ்ட் பெண், என் வீட்டுக்காரரின் நெற்றி வேர்வையைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ வந்ததே பெருசுங்க. இன்னிக்கு இதோட முடிச்சி எழுதிடட்டுமா?" என்று அட்டையில் பேனாவை வைத்தார். வழக்கம்போல் என் வீட்டுக்காரர் போதும் என்று சொல்லப்போகிறார் என்றுதான் நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். கண் முழுக்கத் தண்ணீர். சிரிக்கவும் செய்தார்.

"எழுதாதீங்க மேடம்" என்றார். "இன்னும் மூணாவது ரவுண்டு போடல."

கட்டில் கம்பியை அவர் மறுபடியும் பிடித்தார். நான் பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் நின்றேன்.