தாலிக் கழுத்தில் பீச்சாங்கை

பாசாரிலிருந்து வாங்கிவந்த ஊபி என்கிற மரவள்ளிக் கிழங்கைத் தோல் உரிக்க உட்கார்ந்தபோதுதான் அந்தச் சத்தம் முதலில் கேட்டது. உஸ், உஸ், உஸ் என்று யாரோ துருத்தி ஊதுவதுபோல் வலது காதில். எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். எங்கள் கஜா பெராங் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பார்த்தேன். சத்தமும் நாடியும் ஒன்றாகவே அடித்தன.

இதே நோயோடு இன்று ஏதோ ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு இது வந்தது, ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில். நிதானமாகச் சொல்லத்தான் பார்க்கிறேன். ஆனால் நினைத்தாலே இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

சத்தம் கேட்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு, ஆற்றுப் பாலத்தில் காவல் நின்ற ஜப்பான் சிப்பாய்க்கு நான் குனிந்து வணங்கினேன். வணங்கத்தான் செய்தேன்! குனிந்தது போதவில்லையாம். துப்பாக்கிக் கட்டையால் வலது கன்ன எலும்பில் ஓர் இடி இடித்தான். எவ்வளவு குனிய வேண்டும் என்று எந்தப் பாவி எனக்குச் சொன்னான்? ரத்தம் ஒழுக எழுந்து நின்று, மறுபடி குனிந்துவிட்டுத்தான் வீடு வந்தேன்.

"கொஞ்சம் நல்லாக் குனிஞ்சிருக்கலாமேம்மா" என்றார்கள் தெருவில். அடித்தவனை விட்டுவிட்டு அடிபட்டவளுக்குப் புத்தி சொல்ல ஆள் மாற்றி ஆள் வந்தார்கள்.

பிறகு வலது கண் சிவந்தது. நாளாக நாளாக வெளியே பிதுங்கியது. ஒரு விளக்கு இரண்டாகத் தெரிந்தது. கண்ணோவு என்று முடிவு கட்டி, என் மாமியார் தாய்ப்பால் வாங்கிவந்து கண்ணில் விட்டார். நந்தியாவட்டைப் பூவை வைத்துக் கட்டினார். கண்ணோவு வந்தவளின் முகத்தைப் பார்த்தால் ஒட்டிக்கொள்ளும் என்று ஒருவரும் கிட்டே வரவில்லை. தலைக்குள் சத்தம் கேட்கிறது என்று சொன்னால், பயந்ததில் பிரமை பிடித்துவிட்டது என்றார்கள். கத்தலாம்போல் வந்தது.

என் வீட்டுக்காரர் பாசாரில் காய்கறி விற்றவர். அதிகம் பேசமாட்டார். ஒரு நாள் எனக்குத் தலையில் துணி கட்டிவிட வந்தவர், என் நெற்றிப்பொட்டில் காதை வைத்தார். வைத்தவர் எடுக்கவே இல்லை.

"என்னடி இது, உள்ள ரயில் ஓடுது!"

அப்பாடா! பைத்தியம் இல்லை நான். அன்றே என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

அங்கே இருந்தவர் ஒரு யாழ்ப்பாணத்து டாக்டர். நல்ல மருந்தையெல்லாம் ஜப்பான்காரன் தன் ஆட்களுக்கு அள்ளிக்கொண்டு போயிருந்தான். டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்கிற குழாயை என் மூடிய கண்மேல் வைத்துக் கேட்டார். கேட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவர் சொன்னது இது: பாலத்தில் பட்ட அடியில், கண்ணுக்குப் பின்னால், மூளைக்கு அடியில், தமனி (இதயத்திலிருந்து வேகமாக ரத்தம் கொண்டுவரும் குழாய்) கிழிந்து, சிரைக்குள் (ரத்தம் மெதுவாகத் திரும்பிப்போகும் குழாய்) திறந்துவிட்டது. இதற்குப் பிஸ்டுலா (இருக்கக்கூடாத இடத்தில் உண்டான வழி) என்று பெயர். கண்ணுக்குள் ரத்தம் முட்டிக்கொண்டு நிற்கிறது. விட்டால் பார்வை போகும். மூளைப் பக்கம் முட்டினால் உயிரே போகும்.

கழுத்தைத் திறந்து தமனியைக் கட்டலாம். ஆனால் மயக்க மருந்து இல்லை. இன்னொரு வழி, கழுத்துத் தமனியைத் தினமும் கொஞ்ச கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடிப்பது. ரத்தத்தின் வேகம் குறைந்தால் அந்தத் திறப்பு உறைந்து மூடிக்கொள்ளலாம். மூடாமலும் போகலாம்.

டாக்டர் என் இடது கையைப் பிடித்து, வலப்பக்கக் கழுத்தில் துடிக்கிற இடத்தில் வைத்துக் காட்டினார்.

"இடக்கையால அமத்தும், பிள்ளை. கையை மாத்தக்கூடாது. விளங்கிச்சோ?"

தலையாட்டினேன். ஏன் இடக்கை என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேள்வி கேட்டால் அடி விழுகிற காலம்.

வீட்டுக்கு வந்து அமுக்கிப் பார்த்தேன். சத்தம் நின்றது! கையை எடுத்தால் மறுபடி ரயில். கை வைத்திருக்கிற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் எனக்குச் சொர்க்கம்.

அதை மாமியார் பார்த்துவிட்டார்.

"அடியே, தாலி கெடக்குற கழுத்துல பீச்சாங்கையை வக்கிறியா? சயாமுக்கு ஆள் புடிச்சிக்கிட்டுப் போறான். எம் மவனுக்கு ஏதாச்சும் ஆனா நீ என்னடி பண்ணுவ?"

சயாமில் ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதை வேலைக்கு என்று லாரியில் ஏறிப்போனவர்கள் யாரும் அப்போது திரும்பியிருக்கவில்லை. கைதானே, எந்தக் கையாய் இருந்தால் என்ன? சோறு தின்கிற கையால் அமுக்கிவிட்டுப் போகிறேன் என்று வலது கைக்கு மாற்றினேன்.

மறுநாள் அடுப்படியில் உட்கார்ந்து அமுக்கிக்கொண்டிருந்தேன். சத்தம் நின்ற சுகத்தில் கொஞ்சம் கூடுதலாகவே பிடித்துவிட்டேன்போல. சுவர் சாய்ந்தது. கண் விழித்தபோது மாமியார் என் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கப் பார்த்தால் இடது கை வரவில்லை. இடது கால் வரவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. காய் கொண்டுபோகிற வண்டியில் என்னைப் போட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போய்ச் சேரும்போது விரல்கள் மெல்ல அசைந்தன. சாயங்காலத்துக்குள் எல்லாம் திரும்பிவிட்டது.

"எந்தக் கையால அமத்தினனீர்?" என்றார் டாக்டர்.

"வலது கையால, ஐயா."

"நான் என்ன சொன்னனான்? சாக விருப்பமோ உமக்கு?"

அவ்வளவுதான். எங்கிருந்துதான் வந்ததோ அந்த ஆவேசம்!

"இடது கைன்னு சொன்னீங்க. ஏன்னு சொன்னீங்களா? பாலத்துல நிக்கிறவனும் குனின்னுதான் சொல்றான். ஏன்னு சொல்றதில்ல. நீங்களும் அமுக்குன்னு சொன்னீங்க. தாலி கட்டுன கழுத்துல பீச்சாங்கையை வைன்னா, ஒரு காரணம் சொல்லவேணாமா? என் உசுரு ஐயா இது!"

வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்து அமர்த்தினார். டாக்டர் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னார். வலப்பக்க மூளைதான் இடது கையை ஆட்டி வைக்கிறதாம். வலது தமனியை அமுக்கும்போது அந்த மூளைக்கு ரத்தம் போதாமல் போனால், முதலில் இடது கை தளரும். அமுக்குகிற கை தானாகவே நழுவி விழும். ரத்தம் மறுபடி பாயும். வலது கைக்கு அந்தத் தளர்ச்சி வராது. அது பாட்டுக்கு அமுக்கிக்கொண்டே இருக்கும்.

"உம்மட இடக்கைதான் உமக்குக் காவல்" என்றார். "இதை நான் அண்டைக்கே சொல்லியிருக்க வேணும்."

மாமியார் ஆஸ்பத்திரி அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலை நான் கழுத்தில் கை வைத்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் தாலிக் கயிற்றை இரண்டு விரலால் தூக்கி, கை படாமல் ஓரமாகப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப அமுக்கு" என்றார்.

அப்படியே தினமும் நடந்தது. நான் அமுக்குவேன், அவர் தாலியைப் பிடித்துக்கொள்வார். எனக்குக் கோபம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம்.

ஒரு நாள் கையை எடுத்தேன். ரயில் வரவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. வீட்டுக்காரர் நெற்றிப்பொட்டில் காதை வைத்தார். "ஒண்ணும் கேக்கலடி" என்று சொல்லிவிட்டு மறுபடி காதை வைத்துக் கேட்டார். மாமியார் தாலிக் கயிற்றை விடாமல் பிடித்தபடியே அழுதார். கண் மெல்ல உள்ளே போயிற்று. பார்வை போகாமல் தப்பியது.

இதைப் படித்துவிட்டு யாரும் தானாகக் கழுத்தில் கை வைத்துவிடாதீர்கள். மருந்துக்கு வழியில்லாத காலத்தில், டாக்டர் பார்த்துச் சொன்ன வைத்தியம் அது. இப்போது தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, உள்ளேயே அடைத்துவிடுகிறார்கள். அதைச் செய்கிறவரிடம் ஏன், எதற்கு என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறாரா? கோபிக்கட்டும். மறுபடி கேளுங்கள்.

குணமான பிறகும் பாலத்தைக் கடக்க வேண்டியிருந்தது. அதுவரை குனியும்போதெல்லாம் தலைக்குள் இரைந்து கண் தெறிக்கும். அன்று குனிந்தேன். உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. அந்த அமைதியைப் பாலத்தில் நிற்கிறவனால் தொட முடியாது என்று நினைத்துக்கொண்டே நிமிர்ந்தேன். சத்தம் போனதில் என் கடிகாரமும் போய்விட்டது. அதுவரை அந்த உஸ் உஸ்ஸில்தான் என் பொழுது நகர்ந்தது. பிறகு வெகுகாலம், சோறு வெந்ததா, விடிந்ததா என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

வீட்டுக்காரரைச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போகவில்லை. ஜப்பான்காரன் போன பிறகும் அவர் அதே பாசாரில் காய் விற்றார்.

இப்போதும் தூக்கத்தில் என் இடது கை தானாகக் கழுத்துக்குப் போகிறது. துடிப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறது. அந்தக் கையை என் வீட்டில் யாராவது பீச்சாங்கை என்று சொன்னால், அன்றைக்கு அவர்களுக்கு என் கையால் சோறு கிடையாது. எந்தக் கையாலும் கிடையாது.