களத்தில் செருப்பு

பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவது ஒரு வியாதி என்பது என் கணவரின் கருத்து. இருக்கலாம். சிலருக்குச் சர்க்கரை, சிலருக்கு ரத்தக்கொதிப்பு, எனக்கு இது. ஆனால் வியாதிக்குக் காரணமே அவர்தான். ஜவ்வாது மலைமேல் காவலூரில், பெரிய பெரிய தொலைநோக்கிகள் வைத்து வானத்தைப் பார்க்கிற இடத்தில் அவர் எலக்ட்ரீஷியன். இரவெல்லாம் வேலை, பகலெல்லாம் தூக்கம். பகலில் மிக்ஸி போட முடியாது, டிவி போட முடியாது, நிம்மதியாக ஒரு சண்டைகூடப் போட முடியாது. சத்தமில்லாமல் செய்யக்கூடியது வாசிப்பு ஒன்றுதான். போளூரிலிருந்து கல்யாணமாகி இந்தக் குவார்ட்டர்ஸுக்கு வந்த நாளிலிருந்து வாசித்துத் தள்ளியிருக்கிறேன். வாசித்தால் கருத்து வரும். வந்த கருத்தை அவர் எழுந்திருக்கும்வரை வைத்திருக்க முடியாது, அதனால் கடிதம் எழுதுகிறேன்.

ஒரு மாத இதழில் என் கடிதங்கள் அடிக்கடி வரும். ஊரோடு சேர்த்து என் பெயரை அச்சில் பார்க்கும்போது எனக்குத் தலை கொஞ்சம் கனக்கும். அதை மறைக்க மாட்டேன். நகை நட்டில் ஆசையில்லாத எனக்கு இருக்கிற ஒரே கர்வம் அது.

கொஞ்ச நாளாக எனக்கு ஏஐ மேல் கோபம். அந்த இதழே கதைகளுக்கு மெஷின் படம் போட ஆரம்பித்திருந்தது. ஒரு கதையில் கிழவர் பீடி பிடிக்கிறார். படத்தில் பீடி அவர் விரலிலிருந்தே முளைத்திருந்தது. பெண்கள் எல்லோருக்கும் ஒரே முகம். விதவை, சமையல்காரி, போலீஸ் இன்ஸ்பெக்டர், யாராக இருந்தாலும் நகைக்கடைத் திறப்பு விழாவுக்குக் கிளம்பியது போலவே நிற்கிறார்கள். ஓவியர் என்றால் கதையைப் படித்துவிட்டு ஏதாவது கேள்வி கேட்பார். மெஷின் கேட்காது. ஆசிரியர்களுக்கு அது பிடித்துவிட்டது.

அரசியல்காரர்களுக்கும் பிடித்துவிட்டது. அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அடுத்தவர் எழுதிக் கொடுத்ததைப் பேசுவது, வேறு எந்தக் கூட்டத்தையோ தன் கூட்டமென்று காட்டுவது, செத்துப்போன தலைவரைப் பக்கத்தில் நிற்க வைத்துச் சிரிப்பது எல்லாம் மெஷின் வருவதற்கு முன்பே அவர்கள் சொந்தக் கையால் செய்துகொண்டிருந்த வேலைதான். முன்பு தொப்பையை மறைக்க ஆளுயர மாலை வேண்டும். இப்போது தொப்பையே கிடையாது.

போன சாமை அறுவடைச் சமயத்தில் உள்ளாட்சித் தேர்தல் வருமென்று ஒரு பேச்சு கிளம்பியது. தேதி வரவில்லை, பேனர் வந்துவிட்டது. கீழே செங்கல் சூளை வைத்திருக்கும் ஒருவர் எங்கள் பக்கத்துக்கு மாவட்டக் கவுன்சிலராக வேண்டுமென்று ஆசைப்பட்டார். பஸ் நிற்கும் இடத்தில் அவரைக் கட்டினார்கள், பேனரைத்தான். கதிரடிக்கும் களத்தில் சாமைக் குவியல். அதன் நடுவே அவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் முறத்தோடு, முப்பது வயதுச் சிரிப்பு சிரிக்கிறார். பின்னால் ஜவ்வாது மலை. மலை உச்சியில் வெள்ளை வெளேரென்று பனிக்கட்டி. அவர் காலில் பளபளவென்று புதுத் தோல் செருப்பு.

பனிக்கட்டியைப் பார்த்துவிட்டு நான் ஒரு வாரம் சிரித்தேன். மலைக்காரர்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அவர்கள் பார்த்தது செருப்பை. இங்கே களத்தைச் சாணம் போட்டு மெழுகி, சாமி கும்பிட்டுவிட்டுத்தான் சாமை அடிப்பார்கள். குவியல் இருக்கிற களத்தில் செருப்போடு யாரும் ஏற மாட்டார்கள். சின்னப் பிள்ளைகூட ஓரமாகக் கழற்றிவிட்டுத்தான் ஓடும்.

எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிற பெண் பக்கத்துக் கிராமம். அவர்களுக்கும் சாமைக் கொல்லை உண்டு. அன்றைக்குப் பாலை ஊற்றிவிட்டுப் போகாமல் நின்றாள்.

"இன்னாக்கா அநியாயம் இது. களத்துல செருப்போட ஏறிக்கினு சிரிக்கிறாரு."

"அது நெசப் படம் இல்லம்மா. மெஷின் போட்டது."

"மெஷினுக்குச் சொன்னது யாரு? அவரு ஆளுங்கதானே. இவ்ளோ சொன்னவங்க செருப்பக் கழட்டச் சொல்லக் கூடாதா?"

அவள் போனதும் அந்தக் கேள்வியை ஒரு காகிதத்தில் அப்படியே குறித்து வைத்தேன்.

பேச்சு ஊர் ஊராகப் பரவியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்சிக்காரர் ஒருவர் சமாதானம் சொல்ல ஜீப்பில் மைக்கோடு வந்தார். நான் காய்கறிப் பையோடு நின்று முழுசாகக் கேட்டேன். முதலில் அவர் கூட்டத்தை முறைத்துத்தான் பார்த்தார்.

"ரோட்ல சாமைக் கதிரக் கொட்டி, பஸ்ஸ ஏத்தி அடிக்கிறீங்க. அதுக்கு ஒண்ணும் இல்ல, செருப்புக்கு மட்டும் கோவமா?"

கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் நிதானமாகச் சொன்னார். "ரோடு வேறங்க, களம் வேறங்க. பஸ்ஸு எங்க களத்துல வந்து சிரிக்கலியே."

கட்சிக்காரருக்கு வியர்த்துவிட்டது. கடைசியில் மைக்கை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு ஒரே போடாகப் போட்டார்.

"சத்தியமா சொல்றேங்க. எங்க அண்ணன் உங்க களத்துல கால் வெச்சதே இல்லீங்க. இந்த மலைக்கே அவரு இன்னும் வரலீங்க."

கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள், ஜீப் திரும்பி வளைவு தாண்டும்வரை அடங்கவில்லை. மறுநாள் பேனரில் அண்ணனை முழங்காலோடு கத்தரித்திருந்தார்கள். செருப்பு போய்விட்டது, காலும் போய்விட்டது. சாமைக்குள் அமுங்கிக்கொண்டே சிரித்தார்.

இதற்குப் பிறகு நான் சும்மா இருப்பேனா? அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். நான் எழுதியதிலேயே நல்ல கடிதம் அதுதான். கலையில் மெஷின், அரசியலில் மெஷின், இரண்டையும் பிடித்து ஒரே கயிற்றில் கட்டினேன். 'கால் வைக்காத இடத்தைப் பற்றிப் பேசுகிறவர்களுக்காகவே கண்டுபிடித்த கருவி இது' என்று எழுதினேன். 'உங்கள் களத்தில் கால் வைத்ததே இல்லை' என்ற அந்த வாக்கியத்தை வைத்து ஒரு பக்கம் முழுக்கக் கிண்டல் செய்திருந்தேன்.

ஒரு வாரத்தில் இதழிலிருந்து ஆசிரியர் போன் செய்தார். பாராட்டத்தான் என்று நினைத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. இந்தக் கடிதம் நீங்களே எழுதினதா? சாஃப்ட்வேர்ல போட்டுப் பார்த்தோம். மெஷின் எழுதினதுன்னு சொல்லுது."

நான் என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து, ஃபியூஸ் போய்விட்டதென்று ஸ்க்ரூடிரைவரோடு வந்து நின்றார். வெளியே கத்தினாலும் உள்ளே எனக்குப் பயமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது. வாசித்து வாசித்துச் சேர்த்த என் தமிழ், எந்த ஊரிலும் குடியிராத ஒன்றின் தமிழைப் போல இருக்கிறதாம். கடிதம் வராவிட்டால் அது உண்மையென்று ஆகிவிடும். நான்தான் எழுதினேன் என்று அவர்கள் நம்பியே ஆக வேண்டும்.

போனிலேயே ஆசிரியர் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரிம்மா, போடறோம். உங்க போட்டோ ஒண்ணு அனுப்புங்க. எழுதினது நிஜ ஆள்னு எல்லாருக்கும் தெரியட்டும்."

"என் எழுத்தப் பாத்துத் தெரியாதவங்களுக்கு என் மூஞ்சியப் பாத்தா தெரிஞ்சிடுமா? போட்டோ எல்லாம் தர முடியாது."

"ஒரு போட்டோதானே, அனுப்பிட்டா இன்னா?" என்றார் கணவர்.

"நீங்க போய்ட்டு தூங்குங்க."

அடுத்த இதழில் வரவில்லை. அதற்கடுத்ததில் வந்தது, முழுப் பக்கம். ஒரு வார்த்தை வெட்டவில்லை. நான் ஜெயித்துவிட்டேன். பக்கத்தின் பாதியில் ஒரு படம் இருந்தது. நான் போட்டோ தராததால் அவர்களே என்னைச் செய்துகொண்டார்கள். கீழே 'மலைவாழ் வாசகி' என்று போட்டிருந்தது. இருபது வயது, மூக்குத்தி, காதில் வளையம், கழுத்து நிறைய பாசிமணி, பின்னால் ஓர் அருவி. ஐம்பது வயதில் கண்ணாடியும் ஸ்வெட்டருமாக, நைட்டி மேல் துண்டு போட்டுக்கொண்டு இருக்கிற நான் அதை எட்டப் பிடித்துப் பார்த்தேன், கிட்டப் பிடித்துப் பார்த்தேன். ஏஐ படத்தைத் திட்டிய கடிதத்துக்கு ஏஐ படம். கணவர் தூக்கம் கலைந்து அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "கட்டினது இந்தப் பொண்ணத்தான்னு யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றார்.

ஆசிரியருக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தின் முதல் வரி மனதில் ஓடிக்கொண்டிருந்தபோது பால்காரப் பெண் வந்தாள். மேஜையில் விரித்துக் கிடந்த பக்கத்தைக் குனிந்து பார்த்தாள்.

"இது யாருக்கா?"

"நான்தானாம்."

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே படத்தை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வந்தவள், அடியில் வந்ததும் நிறுத்தினாள். நான் அதுவரை முகத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன். அந்தப் பெண் நின்றது களத்தில். பக்கத்தில் சாமைக் குவியல். காலில் சிவப்புச் செருப்பு.

"இன்னாக்கா, நீங்களுமா?"

"ஏம்மா, நான் உங்க களத்துல கால் வெச்சதே இல்லியே."

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று தெரிந்தது. அவளுக்குத் தெரியவில்லை, தெரிந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை.

"அது தெரியும்க்கா. வந்திருந்தா பாத்திருப்போமில்ல" என்றாள். குத்திக்காட்டவெல்லாம் இல்லை, சும்மாதான் சொன்னாள்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. எங்கள் வாசலில் நின்றால் அவர்கள் கிராமத்துப் புளியமரங்கள் தெரியும். சாமைச் சோறு வடித்திருக்கிறேன், சாமையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன், அந்தக் கிராமத்துக்கு ஒரு தடவை போனதில்லை. செங்கல் சூளைக்காரராவது ஓட்டுக் கேட்க என்றைக்காவது வந்துதான் ஆக வேண்டும். எனக்கு அந்தக் கட்டாயமும் கிடையாது.

"களம் எப்போம்மா? நானும் வர்றேன்" என்றேன்.

"எல்லாம் அடிச்சு முடிச்சாச்சுக்கா. இனிமே அடுத்த வருசந்தான்." அவள் பால் கேனை மூடினாள். பிறகு இதழை எடுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "இத எங்க வூட்ல காட்டிட்டுத் தரேன்க்கா. பாலு வாங்குற அக்கா யாரு, எப்படி இருப்பாங்கன்னு எங்க மாமியா ரொம்ப நாளா கேட்டுக்கினே கீது."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அவள் படியிறங்கிப் போய்விட்டாள். அவள் வீட்டார் என்னை முதல் முதலாக அந்தப் படத்தில்தான் பார்ப்பார்கள், சாமைக் களத்தில், செருப்போடு.